தொட்டியை வைத்துவிட்டார்களாம், நாம் ஒன்றையும் இழக்கவில்லையாம்!

அடிசன் ஆறுமுகம்:
வேறு ஒரு இழையில் ஷாம்பர்க் ஸ்ரீதர் எழுதியதை எடுத்துப் போடுகிறேன்: “ரிக்லி ஃபீல்டைப் புதுப்பித்ததில் சாதாரண ரசிகன் எதையும் இழக்கவில்லை. ஆண்கள் கழிப்பறையில் எல்லாரும் வரிசையாக நின்று சிறுநீர் கழிக்கும் அந்தப் பழைய தொட்டியைக்கூட எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.”

படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக ஒரு பத்தி. ரிக்லி ஃபீல்டு சிகாகோ கப்ஸ் அணியின் மைதானம். 1914-இல் கட்டியது. பாஸ்டனில் இருக்கும் ஃபென்வே பார்க்கை விட்டால் பெரிய லீக்கில் இதைவிடப் பழையது கிடையாது. 2009-இல் ரிக்கெட்ஸ் குடும்பம் அணியோடு சேர்த்து வாங்கியது. 2014 சீசன் முடிந்த கையோடு ‘1060 திட்டம்’ என்று உடைக்க ஆரம்பித்தார்கள். மைதானத்தின் முகவரி 1060, மேற்கு அடிசன் தெரு, அதனால் அந்தப் பெயர். ஐந்து குளிர்காலம் வேலை நடந்தது. என்ன வந்தது? இடது பக்கம் ஏறக்குறைய 4,000 சதுர அடியில் வீடியோ பலகை. வீரர்களுக்கு 30,000 சதுர அடியில் உடை மாற்றும் இடம், அதாவது கிளப்ஹவுஸ். பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கைகளுக்கு அடியில் ‘1914 கிளப்’ என்ற சொகுசுக் கூடம், அடுத்த வருஷம் மேல்தளத்தில் ‘கேட்டலினா கிளப்’. 1914 கிளப்பில் உட்காருகிறவருக்குச் சாப்பாடும் குடியும் டிக்கெட்டிலேயே அடக்கம்.

நமக்கு என்ன வந்தது? தொட்டி. அதுவும் வரவில்லை, ஏற்கெனவே இருந்தது. வரிசையாக நின்று மாடு மாதிரி...வேண்டாம், பெண்களும் படிக்கிற இடம்.

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
அண்ணே, என் பெயரைப் போட்டு இழை திறந்ததற்கு நன்றி. ஆனால் பாதி மேற்கோள்தான் போட்டிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியில், பக்கத்து ஹோட்டலையும் சேர்த்து 575 மில்லியன் டாலர் என்று அறிவித்த வேலையை வரிப்பணம் கேட்டும் கிடைக்காமல் முதலாளி தன் பணத்தில் செய்தார் என்று எழுதியிருந்தேன். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

இன்னொன்று. 2004-இல் மேல்தளத்திலிருந்து கான்கிரீட் துண்டுகள் உதிர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தலைக்கு மேல் வலை கட்டினார்கள். வலைக்குக் கீழே உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததுதான் நீங்கள் இழந்த பொற்காலமா? அஸ்திவாரம், இரும்பு, கான்கிரீட் எல்லாவற்றையும் சரிசெய்ய யார் பணம் தருவார்கள்? கிளப்பில் உட்காருகிறவன் தருகிறான். அவன் காசில் உங்கள் தலை தப்பியது.

தொட்டி நல்ல விஷயம் என்றுதான் சொன்னேன். அதைப் பாராட்டாகச் சொன்னேன்.

அடிசன் ஆறுமுகம்:
தொட்டி பாராட்டாம்! சரி, நேராகவே கேட்கிறேன். 1914 கிளப்புக்குள் தொட்டி இருக்கிறதா, இல்லையா?

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதனால் என்ன?

அடிசன் ஆறுமுகம்:
அதனால் என்னவா? பாரம்பரியம் அவ்வளவு உசத்தி என்றால் அதை ஏன் பணக்காரனுக்குத் தரவில்லை? பாரம்பரியமெல்லாம் நமக்கு, பளிங்கெல்லாம் அவர்களுக்கு. கோயிலில் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கியவர் சந்நிதிக்கு நேரே போய் நிற்கிறார். தர்ம தரிசன வரிசையில் நிற்பவனிடம் வந்து, “பார், உனக்காகத்தான் இந்தப் பழைய கம்பித் தடுப்பை மாற்றாமல் வைத்திருக்கிறோம், தொட்டுக் கும்பிட்டுக்கொள்” என்கிறார்கள். ஸ்ரீதர் தம்பி தொட்டுக் கும்பிடுகிறார்.

பிளீச்சர் பாலு:
ஹா ஹா. ஆறுமுகம் அண்ணே, அடித்து ஆடுங்கள்.

ஆனால் ஒரு சின்னத் திருத்தம். தொட்டி வேகமானது. தனித்தனிக் கிண்ணம் வைத்தால் ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் வரிசை வெளியே கிளார்க் தெருவரை போகும். தொட்டி என்றால் சட்டென்று இடம் கிடைக்கும், வேலை முடிந்தது, அப்போது எல்லாரும் எழுந்து பாடும் பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். இது அனுபவம், தத்துவம் இல்லை.

தென்பக்கத்தான்:
ஆறு பதிவு ஆகிவிட்டது, எல்லாம் மூத்திரத்தைப் பற்றி. கப்ஸ் ரசிகர்கள் என்றால் கப்ஸ் ரசிகர்கள்தான்.

நகரத்தின் தென்பக்கத்தில் வைட் சாக்ஸ் என்று ஓர் அணி இருக்கிறது. எங்கள் மைதானத்தில் பார்வையை மறைக்கும் தூண் கிடையாது. 1060 திட்டத்தில் அத்தனை கோடி கொட்டியும் மேல்தளத்தைத் தாங்கும் இரும்புத் தூண்களை எடுத்தார்களா? எடுக்கவில்லை. டிக்கெட் வாங்கித் தூணைப் பார்க்கிறீர்கள். பாவம், உங்களை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

அடிசன் ஆறுமுகம்:
ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆட்டைப் பற்றி எங்களுக்குச் சொல்லாதீர்கள், 1945-இல் ஓர் ஆட்டை மைதானத்திலிருந்து விரட்டியதற்கே 71 வருஷம் இறுதித் தொடரையே காணாத சாபம் சுமந்தவர்கள் நாங்கள்.

உங்கள் மைதானத்தில் தூண் இல்லை, சரி. அதனால் மேல்தளத்தைப் பின்னுக்குத் தள்ளி மலை மாதிரி ஏற்றிவைத்தார்கள். 2004 சீசனுக்கு முன் உச்சியில் எட்டு வரிசையை, 6,600 இருக்கையை, வெட்டி எறிந்தது யார் மைதானத்தில்? தூண் இருப்பதால்தான் ரிக்லியின் மேல்தளம் ஆட்டத்துக்கு அவ்வளவு பக்கத்தில் தொங்குகிறது. தூணைக் குறை சொல்ல மாட்டேன். என் பிரச்சினை தொட்டி.

தென்பக்கத்தான்:
நாங்கள் கோப்பை வென்றது 2005.

அடிசன் ஆறுமுகம்:
2016.

தென்பக்கத்தான்:
நாங்கள் முந்தினோம்.

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
2024-இல் 121 தோல்வி. அதிலும் முந்தினீர்கள். நவீன காலத்தில் எந்த அணியும் ஒரு சீசனில் அத்தனை தோற்றதில்லை.

தென்பக்கத்தான்:
அதற்கும் ஸ்டேடியத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
சம்பந்தம் இருக்கிறது. உங்கள் மைதானத்தை 1991-இல் மாநில அமைப்பு ஒன்று கட்டிக் கொடுத்தது, ஹோட்டல் வரி உட்படப் பொதுப்பணம். நாங்கள் யாரிடமும் கை நீட்டவில்லை. அந்தப் பக்கம் அமெரிக்கக் கால்பந்து ஆடும் சோல்ஜர் ஃபீல்டைப் பாருங்கள். 2003-இல் பழைய தூண் மண்டபத்துக்கு நடுவில் பறக்கும் தட்டு இறங்கியது மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். 2006-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியே போய்விட்டது. ரிக்லியில் புதுப்பித்து முடித்த பிறகு, 2020-இல், அதே தகுதி கிடைத்தது. ஒரே ஊர், இரண்டு புதுப்பிப்பு. எதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அடிசன் ஆறுமுகம்:
கை நீட்டவில்லையா? புராதனக் கட்டடம் என்ற பெயரில் மத்திய அரசின் வரிச் சலுகைக்குப் போனது யார்? முதல் பதிவில் “வரிப்பணம் கேட்டும் கிடைக்காமல்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்டால் கை நீட்டியதாகாதா? சரி, அதை விடுங்கள்.

மைதானச் சுவரில் படரும் ஐவிக் கொடியை வைத்திருக்கிறார்கள், கையால் எண் மாட்டும் பழைய ஸ்கோர் பலகையை வைத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் ரிக்கெட்ஸுக்குப் பட்டுச் சால்வை போர்த்துகிறீர்கள். இரண்டும் 1937-இல் வந்தவை. 2004-இல் நகர மன்றம் அவற்றைச் சட்டம் போட்டுப் பாதுகாத்தது. ரிக்கெட்ஸ் வாங்குவதற்கு ஐந்து வருஷம் முன்னால்! தொட முடியாததைத் தொடாமல் விட்டதற்குப் பெயர் பெருந்தன்மையா?

பிளீச்சர் பாலு:
அண்ணே, அப்படிப் பார்த்தால் தொட்டியைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை. தொட முடியும், தொடவில்லை. அப்போது தொட்டிதான் உண்மையான பெருந்தன்மை!

அடிசன் ஆறுமுகம்:
பாலு, நீ எந்தப் பக்கம்?

பிளீச்சர் பாலு:
பிளீச்சர் பக்கம், மைதானக் கோடியில் பலகை இருக்கை.

நளினி நேப்பர்வில்:
ஆண்கள் சபைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு நேரமாகத் தொட்டி, தொட்டி என்கிறீர்கள். கழிப்பறை என்றால் ஆண்கள் கழிப்பறை மட்டும்தானா? பெண்களுக்குத் தொட்டி ஒரு காலத்திலும் கிடையாது, வரிசை மட்டும் உண்டு.

2015 ஏப்ரல் 5, சீசனின் முதல் ஆட்டம், கார்டினல்ஸ் அணியோடு, இரவில். பிளீச்சர் கட்டி முடியவில்லை, கழிப்பறை போதவில்லை. ஆட்கள் பீர்க் கோப்பையை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று மறுநாள் நாடெங்கும் செய்தி. அணி மன்னிப்புக் கேட்டது, நடமாடும் கழிப்பறைகளைக் கொண்டுவந்து வைத்தது. அந்தச் செய்தியிலும் கோப்பை ஆண்களின் கதைதான். பெண்கள் அன்று என்ன செய்தார்கள் என்று யாராவது எழுதினார்களா?

இப்போது நடைபாதை அகலம், கழிப்பறை அதிகம், சாப்பாட்டுக் கடை அதிகம். எனக்குப் புதுப்பிப்பு பிடித்திருக்கிறது. நான் கிளப்புக்கும் போனதில்லை. இதில் என்னை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

அடிசன் ஆறுமுகம்:
நளினி, உங்களை நான் சொல்லவில்லை அம்மா. என் கேள்வி தொட்டியைப் பற்றி மட்டும்.

நளினி நேப்பர்வில்:
அதைத்தான் நானும் சொல்கிறேன் சார். உங்கள் கேள்வி தொட்டியைப் பற்றி மட்டும்தான்.

செங்கல் சுந்தரம்:
சிவில் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கிளப்பைப் பார்க்க முடிகிறது, அதனால் அதைத் திட்டுகிறீர்கள். தரைக்கடியில் போன வேலையை யாரும் பார்ப்பதில்லை. வீரர்களின் அறையைக் கட்டடத்துக்குள் வைக்க இடமில்லாமல் மேற்குப் பக்கத் திடலுக்கு அடியில் தோண்டி வைத்தார்கள். அதனால்தான் பழைய அறை இருந்த இடம் காலியானது. பந்து வீசுபவர்கள் தயாராகும் புல்பென் 2017-இல் பிளீச்சருக்கு அடியில் போனது. அதுவரை ஓரக்கோட்டுக்கு வெளியே ரசிகர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒன்றை நகர்த்தினால்தான் இன்னொன்றுக்கு இடம். நூறு வருஷக் கட்டடத்தில் ஆட்டத்தை நிறுத்தாமல், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் கை வைக்காமல், சிகாகோ குளிரில் கான்கிரீட் போடுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று செய்தவனுக்குத்தான் தெரியும்.

அடிசன் ஆறுமுகம்:
சுந்தரம் சார், நீங்களே சொல்லிவிட்டீர்கள். புல்பென் ரசிகர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது இல்லை. அது இழப்பா, இல்லையா? ஸ்ரீதர் “எதையும் இழக்கவில்லை” என்றார். ‘எதையும்’!

செங்கல் சுந்தரம்:
நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. பந்து விரட்டி ஓடுபவன் புல்பென் மேட்டில் கால் தடுக்கி விழுவான், அந்த ஆபத்து போனது.

அடிசன் ஆறுமுகம்:
நீங்கள் எந்த அர்த்தத்தில் சொன்னாலும் எழுத்தில் இருக்கிறது.

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
பார்த்தீர்களா, தொட்டியிலிருந்து புல்பென்னுக்குத் தாவிவிட்டார். தொட்டியில் தோற்றுவிட்டார் என்று அர்த்தம்.

அடிசன் ஆறுமுகம்:
தொட்டியில் தோற்கவில்லை. தொட்டி அப்படியே நிற்கிறது. என் கேள்வியும் அப்படியே நிற்கிறது. கிளப்பில் உண்டா, இல்லையா?

நான் இந்த ஊருக்கு 1987-இல் வந்தேன். அன்றைக்கு ரிக்லியில் விளக்கே கிடையாது. பெரிய லீக்கில் விளக்கில்லாத கடைசி மைதானம். பகல் 1:20 ஆட்டம், வெயில், காற்று ஏரிப் பக்கம் வீசினால் ரன் மழை. அந்த வருஷம் ஆண்ட்ரே டாசன் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு, “சம்பளத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்” என்று கப்ஸிடம் கொடுத்தார். அவர்கள் எழுதியது ஐந்து லட்சம் டாலர். அவர் அடித்தது 49 ஹோம் ரன். அணி தன் பிரிவில் கடைசி இடம், அவருக்கு லீக்கின் சிறந்த வீரர் விருது. வலது பக்கப் பிளீச்சருக்கு முன்னால் அவர் வந்து நிற்கும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் எழுந்து இரண்டு கையையும் நீட்டிக் குனிந்து வணங்கும். அந்தக் கூட்டத்தில் வங்கிக்காரன், பஸ் ஓட்டுகிறவன், என்னை மாதிரி மாணவன் எல்லாரும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தோம். இடைவேளையில் எல்லாரும் போனது ஒரே தொட்டிக்கு. அதுதான் தொட்டி! எல்லாரும் போனால்தான் அது பாரம்பரியம். நான் மட்டும் போனால் அது வெறும் தொட்டி.

இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

பிளீச்சர் பாலு:
அண்ணே, இது நன்றாக இருந்தது. ஆனால் அன்றைக்கும் பாக்ஸ் சீட் இருந்தது, இல்லையா? வங்கிக்காரன் எல்லாரும் பிளீச்சருக்கு வந்துவிடவில்லை.

அடிசன் ஆறுமுகம்:
நீ 1987-இல் பிறந்திருந்தாயா?

பிளீச்சர் பாலு:
இல்லை.

அடிசன் ஆறுமுகம்:
சரி.

கூரைமேல் குப்பு:
யாரும் கூரைகளைப் பற்றிப் பேசவில்லையே! ஷெஃபீல்டு, வேவ்லாண்ட் தெருக்களில் எதிர்வீட்டு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு ஆட்டம் பார்த்தது எவ்வளவு அழகான காட்சி. வீடியோ பலகை வைத்து மறைத்தார்கள். 2015-இல் மாடிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். அப்புறம் பெரும்பாலான மாடிகளை ரிக்கெட்ஸ் குடும்பமே வாங்கிவிட்டது. முதலில் மறை, அப்புறம் வாங்கு. நல்ல வியாபாரம்.

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
அந்த மாடிகளில் பாட்டி பாயாசம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தீர்களா? அடுக்கு இருக்கை போட்டு டிக்கெட் விற்றார்கள், அவர்களும் சாப்பாடு குடி எல்லாம் சேர்த்துத்தான் விற்றார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தால் அழகு, இந்தப் பக்கம் இருந்தால் அநியாயமா?

கூரைமேல் குப்பு:
ஆரம்பத்தில் அப்படி இல்லை.

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
ஆரம்பத்தில் தொட்டியும் இல்லாமல் இருந்திருக்கும்.

அடிசன் ஆறுமுகம்:
தொட்டியை நீங்கள் எடுக்காதீர்கள். அது என் தலைப்பு.

அப்பாவோடு ஆட்டம்:
இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். என் அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். 2022-இல் மத்திய நீதித் துறை கப்ஸ் மீது வழக்குப் போட்டது. இந்த 1060 திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தைச் சரியாகப் பின்பற்றவில்லை, சக்கர நாற்காலி இடங்களைப் பார்வை சரியில்லாத மூலைகளில் வைத்தார்கள், சொகுசு கிளப்புகளிலும் குறை என்பது குற்றச்சாட்டு. 2024-இல் சமரசம் ஆகி, மாற்றங்கள் செய்ய ஒப்புக்கொண்டார்கள். புதிதாகக் கட்டும்போது முதலில் யோசிக்க வேண்டியது அதுதானே? இரண்டு கட்சிக்காரர்களும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
சமரசம் ஆகிவிட்டதே. திருத்திக்கொண்டிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான்.

அடிசன் ஆறுமுகம்:
மிகச் சரியாகச் சொன்னீர்கள்! இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன். கிளப்புக்குக் கொடுத்த யோசனையில் கால்வாசி மற்றவர்களுக்குக் கொடுத்திருந்தால் இப்படித் தொட்டியோடு விட்டிருப்பார்களா?

அப்பாவோடு ஆட்டம்:
சார், நான் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை.

அடிசன் ஆறுமுகம்:
எல்லாம் ஒன்றுதான்.

பாஸ்டன் பரமசிவம்:
ஃபென்வேயிலிருந்து வணக்கம். 1912. உங்களைவிட இரண்டு வருஷம் மூத்தவர்கள். 2003-இல் இடது பக்கப் பச்சைச் சுவரின் உச்சியிலேயே இருக்கை போட்டார்கள். போடும்போது எல்லாரும் கத்தினார்கள், இன்றைக்கு அந்த இடத்துக்குத்தான் அடிதடி. அடுத்த வருஷமே 86 வருஷத்துக்கு அப்புறம் கோப்பை. வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைத்துப் புதுப்பித்தோம். பக்கத்து வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் தப்பில்லை.

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
அதேதான்! எங்களுக்கும் 2016-இல் புதிய கிளப்ஹவுஸ் திறந்தது, அதே வருஷம் கோப்பைக்கான 108 வருஷத் தவம் பலித்தது. பணம் போட்டால் பலன் வரும்.

அடிசன் ஆறுமுகம்:
ஸ்ரீதர், 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் எந்த ஊரில் நடந்தது?

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
அது வேறு விஷயம்.

அடிசன் ஆறுமுகம்:
கிளீவ்லாந்தில்! ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமநிலை, மழை, 17 நிமிடம் நின்றது. அப்போது நம் வீரர் ஜேசன் ஹேவர்டு எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினாரே, எங்கே பேசினார்? 30,000 சதுர அடியிலா? எதிராளியின் மைதானத்தில் ஓர் உடற்பயிற்சி அறையில். பத்தாவது இன்னிங்ஸில் 8-7. கோப்பை கொடுத்தது கிளப்ஹவுஸ் இல்லை தம்பி. தேவைப்பட்டது நாலு சுவரும் ஒரு கதவும்.

பிளீச்சர் பாலு:
அந்த அறையில் தொட்டி இருந்ததா அண்ணே?

அடிசன் ஆறுமுகம்:
உனக்கு எல்லாம் விளையாட்டு.

சேப்பாக்கம் சேகர்:
இங்கே பேஸ்பால் தெரியாத நான் ஒருவன்தான் போலிருக்கிறது. ஆனால் கதை தெரிந்த கதை. பழைய சேப்பாக்கத்திலும் தூண் மறைக்கும். 2011 உலகக் கோப்பைக்காகப் புதிதாகக் கட்டியபோது தூண் போனது, குடை மாதிரிக் கூரை வந்தது, கேலரிகளுக்கு நடுவில் இடைவெளி விட்டதால் கடற்காற்றும் உள்ளே வருகிறது. ஆனால் ஐ, ஜே, கே என்று மூன்று கேலரியைக் கட்டி, அனுமதிச் சிக்கலில் பல வருஷம் பூட்டியே வைத்திருந்தார்கள். டிவியில் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்கவே வயிறு எரியும். உங்களுக்குத் தொட்டியாவது திறந்திருக்கிறதே!

தென்பக்கத்தான்:
இவர் ஒருவர்தான் உருப்படியாகப் பேசியிருக்கிறார். பேஸ்பால் தெரியாதவர்.

அடிசன் ஆறுமுகம்:
சேப்பாக்கத்தை இதோடு ஒப்பிடாதீர்கள். சேப்பாக்கத்தில் ஐவிக் கொடி உண்டா?

சேப்பாக்கம் சேகர்:
ரிக்லியில் 1999-இல் பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் உண்டா? கொடியைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்கள்.

அடிசன் ஆறுமுகம்:
நான் சேப்பாக்கத்தைக் குறை சொல்லவில்லை. சேப்பாக்கத்தில் படித்து வளர்ந்தவன்தான் நான்.

சேப்பாக்கம் சேகர்:
சேப்பாக்கத்தில் எங்கே?

அடிசன் ஆறுமுகம்:
திருவல்லிக்கேணி. பக்கம்தானே.

தென்பக்கத்தான்:
நடுவில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ரிக்லி வாசலில் ஹோட்டல் ஜக்கரி என்று திறந்தார்களே, அது ரிக்லியை வடிவமைத்த ஜக்கரி டெய்லர் டேவிஸின் பெயர். அதே மனிதர்தான் அதற்கு முன்னாலேயே, 1910-இல், எங்கள் பழைய கமிஸ்கி பார்க்கையும் வடிவமைத்தார். எங்கள் மிச்சத்தில் உங்கள் ஹோட்டல்.

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
அந்தப் பழைய கமிஸ்கியை என்ன செய்தீர்கள்? இடித்து வாகன நிறுத்துமிடம் ஆக்கினீர்கள். எங்கள் முதலாளி கிளப் கட்டினார், உங்கள் முதலாளி கார் நிறுத்தினார். ஆறுமுகம் அண்ணனே சொல்லட்டும், எது மேல்?

அடிசன் ஆறுமுகம்:
இதில் ஸ்ரீதர் சொல்வது...வேண்டாம். ஒத்துக்கொண்டால் தொட்டிக்கும் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்.

நளினி நேப்பர்வில்:
ஞாயிற்றுக்கிழமை 1:20 ஆட்டத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நாலு பேர் போகிறோம். ரயிலில் வருவதா, காரா? அங்கே கார் நிறுத்த இடமே கிடைக்காது என்கிறார்கள்.

பிளீச்சர் பாலு:
கார் வேண்டவே வேண்டாம் அக்கா. ரெட் லைனில் அடிசன் ஸ்டேஷன், இறங்கினால் மைதானம்.

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
நாங்கள் ப்ளூ லைன் அடிசனில் இறங்குவோம். அங்கிருந்து 152 பஸ், அடிசன் தெருவிலேயே நேரே வரும்.

அடிசன் ஆறுமுகம்:
நளினி, அதைக் கேட்காதீர்கள். அடிசன் என்று மூன்று ஸ்டேஷன் இருக்கிறது, ரெட், ப்ரௌன், ப்ளூ. ப்ளூ லைனில் இறங்கினால் மைதானம் மூன்று மைலுக்கு மேல். மைதானம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர் மைதானத்தைப் புதுப்பித்ததைப் பற்றிப் பேசுகிறார்.

ஷாம்பர்க் ஸ்ரீதர்:
பஸ் என்று எழுதியிருக்கிறேன் அண்ணே. கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

அடிசன் ஆறுமுகம்:
போட்டுத்தான் படிக்கிறேன். கிளப்பில் தொட்டி உண்டா, இல்லையா என்று கேட்டு அறுபது பதிவு ஆகிறது, “நினைக்கிறேன்” என்பதைத் தவிரப் பதிலைக் காணோம்.

செங்கல் சுந்தரம்:
152 ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாமதமாகும், பார்த்துக்கொள்ளுங்கள்.